பெயரில்லாத முகங்கள், முகமில்லாத பெயர்கள்

பிலால் (ரலி) அவர்களைப் பாடாத கவிஞர் எம்மில் குறைவு. மக்காவின் சுடுமணலில் அவரது நெஞ்சின் மீது ஏற்றிய கல்லின் கனம் எமக்குத் தெரியும். பதுளையைச் சுற்றியுள்ள லயங்களைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறோம்?

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. அக்காலத்திலேதான் தமிழகத்துக் கூலிகள் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தனர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அடிமைகளல்லர். அதை நான் மறைக்கவில்லை. ஆனால், 'கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம்' என்று எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாத நிலை 1921 வரை நீடித்ததே, அதற்கு என்ன பெயர்?

1875இல் இலங்கை வந்த ஜூலியா மார்கரெட் கமரன் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். அப்படங்கள் இன்று மேல்நாட்டு நூதனசாலைகளில் கலைப்பொருட்கள். எடுத்தவரின் பெயர் உண்டு. நின்றவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. பின்னர் வந்த தபாலட்டைகளிலும் அவள் வெறும் 'தமிழ்க் கூலிப் பெண்'தான்.

எங்கள் ஊவாவிலும் இதே கதைதான். தம்பத்தன்னை மலையுச்சியில் லிப்டனுக்குச் சிலை இருக்கிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸுக்குப் பதுளையில் ஒரு தேவாலயமே நினைவாக நிற்கிறது. வழிநடையில் செத்தவர்களுக்கு ஒரு கல்லாவது உண்டா?

மொரீசியஸில் ஒப்பந்தக் கூலிகளின் படமும் பெயரும் எண்ணும் பதிவேடுகளில் இருக்கின்றன. கொள்ளுப்பேரர்கள் போய்த் தம் முன்னோரைத் தேடுகிறார்கள். ஆளை அடையாளம் வைக்க வெள்ளைக்காரன் எடுத்த படம், இன்று வாரிசின் கையில் சாட்சியாகிவிட்டது. படத்தின் பயன் இதுதான். அதற்குப் பெயர் வேண்டும்.

2001இல் கண்டி ஹந்தானையில் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களும் துரைமாரின் பொருட்களும் இடம்பிடித்தன. தொழிலாளருக்கென ஒரு நூதனசாலை 2007இல் கம்பளைப் பக்கம் பழைய லயமொன்றில் உருவானது. ஊவாவில் லயம் இன்னும் காட்சிப்பொருளாகவில்லை. அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனதும் லயங்கள்தான்.

இனி எம் வீட்டுக்கு வருகிறேன். என் மூத்த வாப்பா பதுளையில் கடை வைத்திருந்தார். அவருடைய பற்றுக் கொப்பி எங்கள் பெட்டியில் கிடக்கிறது. இராக்காயி, அரிசி. முத்தையா, கருவாடு, புகையிலை. வெள்ளைக்காரன் படத்தில் எழுதாத பெயர்களை எம்மவர் எழுதி வைத்திருக்கிறார்கள், கடனாளிகளாக. அக்கடனால் பிழைத்த குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. அக்கொப்பியை வெளியே எடுக்க வெட்கமாக இருக்கிறது. அதனாலேயே எடுக்க வேண்டும் என்கிறேன்.

பழைய கடைக்கார வீடுகளின் வாரிசுகளே, கொப்பிகளைக் கறையானுக்குக் கொடுக்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முகங்கள் அவர்களிடம் இருக்கின்றன. பெயர்கள் எம்மிடம் இருக்கின்றன. இரண்டும் சேராதவரை பிலாலைப் பாட எமக்கு வாய் ஏது?