மாத்திரை தவறிய ஆட்டங்கள்

விழா மலருக்குக் கட்டுரை கேட்பவர்கள் தமிழாசிரியரிடம் எதிர்பார்ப்பது சங்கச் செய்யுளையோ சைவ நெறியையோ ஆகும். கணினி விளையாட்டுப் பற்றி யாம் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பையும், வேறு சிலர்க்குச் சினத்தையுங்கூடத் தரலாம். ஆயினும் யாம் சொல்லப்போவது மாத்திரையைப் பற்றியது; ஆதலின் எம் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று யாரும் குறைகூற இடமில்லை. ‘கணினி’ என்பதா ‘கணனி’ என்பதா என்னும் வழக்கை இங்கே தொடுக்க விரும்புகின்றிலோம். காலி வீதிக் கடைப் பலகைகளில் இரண்டுமே உண்டு. யாம் கணினி என்றே எழுதுகின்றோம்.

1996ஆம் ஆண்டைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். தை மாத இறுதி நாளில் கோட்டையில் மத்திய வங்கிக் கட்டடம் குண்டுவெடிப்பாற் சிதைந்தது. அதன்பின், மாலையானதும் பிள்ளைகளை வெளியே அனுப்பத் தமிழ்ப் பெற்றோர் அஞ்சினர். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பேருந்தேறிய பருவம் அது. போதாக்குறைக்கு, மழை பொய்த்து மின்வெட்டும் வந்தது. அந்நாளில் கொட்டாஞ்சேனையில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய ஐ.பி.எம். வகைக் கணினி ஒன்று இருந்தது. எம்மிற் பலருக்கு அதுவே விளையாட்டுத் திடல்.

அதில் யாம் ஆடியது ‘டிகர்’ என்னும் ஆட்டம். கனடா நாட்டு விண்ட்மில் நிறுவனம் 1983இல் வெளியிட்டது. மண்ணைக் குடைந்து செல்லும் சிறு வண்டியொன்று மரகதங்களைப் பொறுக்க வேண்டும். பின்தொடரும் பூதங்களின் கையில் அகப்படலாகாது. பொற்கிழியின் அடிமண்ணை அகழ்ந்தால் அக்கிழி உடனே விழாது. சற்றே இப்புறமும் அப்புறமும் ஆடி, அதன்பின் விழும். அந்த ஆட்டத்துக்குள் வண்டி விலகிவிட வேண்டும், பூதம் அடியில் வந்துவிட வேண்டும். விளையாட்டின் சுவை முழுவதும் அக்கணத்திலேயே இருந்தது.

தோழர் ஆட்டத்தைத் தொடங்குமுன் பெட்டியின் முகப்பில் ஒரு பொத்தானைத் தவறாது அழுத்துவார். ‘டேர்போ’ என்று அதன்மேல் எழுதியிருக்கும். காரணம் கேட்டால், “அழுத்தாட்டி ஓட்டம் பிழைக்கும்” என்பார். அதற்குமேல் அவருக்குந் தெரியாது, எமக்குந் தெரியாது. விரைவைக் குறிக்கும் பெயரைத் தாங்கிய அப்பொத்தான் உண்மையில் பொறியைத் தாமதப்படுத்தவே பயன்பட்டது என்பதைப் பல ஆண்டுகள் கழிந்த பின்பே அறிந்தோம். காரணப் பெயர்க்கு எடுத்துக்காட்டுக் கேட்கும் மாணவர்க்கு இதனை மட்டும் யாம் கூறுவதில்லை.

அத்தோழர் இப்பொழுது ரொறன்ரோவில் வாழ்கின்றார். சென்ற ஆடி விடுமுறைக்கு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்திருந்தார். பன்னிரண்டு வயது மகனும் உடன் வந்திருந்தான். தாம் சிறுவயதில் ஆடிய ஆட்டத்தை மகனுக்குக் காட்ட வேண்டும் என்னும் ஆசை அவருக்கு. புதிய மடிக்கணினியில் ஆட்டத்தை ஏற்றி, பொறி எவ்வளவு விரைவாக ஓடக்கூடுமோ அவ்வளவு விரைவாக ஓடுமாறு அமைத்தும் வைத்திருந்தார். ஆட்டம் தொடங்கிற்று, யாம் விசையைத் தொடுமுன் முடிந்துவிட்டது. மூன்று முறை முயன்றோம், மூன்று முறையும் அவ்வாறே. மகன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். “இதையோ அப்பா நீங்கள் வருசக்கணக்கா விளையாடினனீங்கள்?” என்றான். தோழர் சிரித்தார், அச்சிரிப்பில் ஒரு வெட்கம் கலந்திருந்ததை யாம் கண்டோம். தம் இளமையில் ஒரு பகுதியைப் பொய்யென்று மகன் எண்ணிவிட்டானோ என்னும் வெட்கம் அது.

ஆட்டம் ஏன் அவ்வாறு பாய்ந்தது? 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் செயலி நொடிக்கு ஏறத்தாழ 47 இலட்சத்து 70 ஆயிரம் தடவை துடித்தது. இக்காலத்துச் செயலியோ நொடிக்கு 300 கோடித் துடிப்பு என்பதைச் சாதாரணமாகக் கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் பழையதினும் மிகுதியான வேலையைச் செய்யும். பழைய ஆட்டங்களை எழுதினோரில் ஒரு சாரார், இரண்டு அசைவுகளுக்கு இடையே சிறிது காலம் தாழ்க்க வேண்டுமாயின், பொறியை வீணே ஒன்று இரண்டு என்று எண்ணவிட்டனர். ஆயிரம் வரை எண்ணி முடிக்க அப்பொறிக்கு எவ்வளவு நேரமோ அதுவே அவர்களுக்குக் காலவளவு. புதிய பொறியும் அதே ஆயிரத்தை எண்ணுகின்றது. ஆயின், எண்ணத் தொடங்கினது தெரியுமுன் எண்ணி முடித்துவிடுகின்றது.

மற்றொரு சாரார் கணினிக்குள்ளேயே இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து ஆட்டத்தை நடத்தினர். அக்கடிகாரம் செயலியின் விரைவு எதுவாயினும் தன் போக்கிலேயே நடப்பது. ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’ அத்தகையது. ஜோர்டன் மெக்னர் என்பவர் தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அவ்வசைவுகளைப் பார்த்து வரைந்து 1989இல் வெளியிட்ட ஆட்டம். அரசிளங்குமரியை மீட்க ஆடுவோனுக்கு 60 நிமிடம் உண்டு. பொறி எத்துணை விரைந்ததாயினும் அந்த 60 நிமிடம் 60 நிமிடமாகவே இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தொல்காப்பியர் எழுத்தின் ஒலியளவை எதனைக்கொண்டு வகுத்தார்? கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் கொண்டன்றோ! ஏட்டையோ எழுத்தாணியையோ அவர் அளவாகக் கொள்ளவில்லை. மனிதனுடைய உடம்பையே கொண்டார். ஏடு மாறினும் தாள் வந்தாலும் அச்சு வந்தாலும் அவ்வளவு மாறவில்லை.

பழைய ஏடுகளிலும் இத்தகைய இடர் ஒன்று இருந்ததைத் தமிழ் கற்றோர் அறிவர். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் ஏட்டில் அருகியிருந்தது. எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் குறியும் இல்லாதிருந்தது. வீரமாமுனிவர் செய்த திருத்தம் பிற்காலத்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், செல்லரித்த ஏட்டில் எழுத்துப் பிழைத்திருந்த இடத்திலும் அது குறிலோ நெடிலோ என்பதைத் தம் புலமையால் உய்த்துணர வேண்டியிருந்தது. எழுத்து இருந்தது, மாத்திரை ஏட்டில் இல்லை. அது பாடம் சொன்ன ஆசிரியரின் நாவில் இருந்தது, அவரோடு போயிற்று. எம் தோழரின் மடிக்கணினியில் நேர்ந்ததும் இதுவே. ஆட்டத்தின் எழுத்து ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேர்ந்தது. மாத்திரை மட்டும் கொட்டாஞ்சேனை மேல்மாடியிலே தங்கிவிட்டது.

இது விளையாட்டுக்கு மட்டும் வந்த கேடு அன்று. டேர்போ பஸ்கால் என்னும் கருவியைக் கொண்டு எழுதிய பயனுள்ள நிரல்கள் பலவும் 1990களின் பிற்பகுதியில் திடீரென நின்றன. அவை தொடங்கும்போதே பொறியின் விரைவை அளந்துகொள்ளும்: 55 மில்லி செக்கனில் எத்தனை தடவை எண்ணலாம் என்று பார்த்து அத்தொகையை 55ஆல் வகுக்கும். புதிய பொறிகளில் ஈவு 65,535ஐ மிஞ்சிற்று. அதற்குமேல் எழுத அங்கே இடமில்லை. உடனே சுழியத்தால் வகுத்ததாகப் பிழைகூறி, 200 என்னும் இலக்கத்தைக் காட்டி நிரல் இறந்துவிடும். தளர்ச்சியால் இறந்தாரைக் கண்டிருக்கின்றோம். எதிரே நிற்பவரின் வேகம் தாங்காது இறந்ததை இங்கேதான் கண்டோம்.

இசைத்தட்டுக் காலத்து முதியோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுழல வேண்டிய தட்டை 78 சுற்றிற் சுழலவிட்டால் பெரிய வித்துவானும் கிளியாகிவிடுவார். ஆயின் தட்டின் நடுவே சுற்றின் அளவை எழுதியிருப்பார்கள். ஆட்டத் தட்டின்மேல் அதனை எழுதியவர் அரிது.

புதியன வரும்போது பழையன போகத்தானே வேண்டும் என்று சிலர் கேட்பர். நன்னூலின் இறுதிச் சூத்திரத்தையும் துணைக்கு அழைப்பர். பவணந்தியார் சொன்னது ‘கழிதல்’. அது தன்வினை. நாம் செய்வதோ ‘கழித்தல்’, பிறவினை. காலத்தால் தானே உதிர்வதற்கும் நாம் பிடுங்கி எறிவதற்கும் வேறுபாடு இல்லையா?

வேறு சிலர், விளையாட்டைப் பேணுவது ஆசிரியர்க்குத் தகுமோ என்பர். வகுப்பில் கைத்தொலைபேசியைப் பறிமுதல் செய்பவர்களுள் யாமும் ஒருவரே. எனினும் பல்லாங்குழியையும் தாயத்தையும் பற்றிக் கட்டுரை எழுதுவிக்கின்றோமே. ஒரு தலைமுறை தன் அச்சத்தை மறக்க ஆடிய ஆட்டம் மட்டும் எப்படி இழிந்ததாயிற்று?

நிற்க. பரிகாரம் இல்லாமலில்லை. அன்ட்ரூ ஜென்னர் என்பவர் 1998இல் டிகர் ஆட்டத்தின் பழைய நிரலைப் பிரித்து ஆராய்ந்து, புதிய பொறிக்கும் பொருந்தும் கால அளவோடு மீட்டெழுதினார். நல்ல பதிப்பாசிரியரின் தொழில் அது. 2002 முதலாகக் கிடைக்கும் ‘டொஸ்பொக்ஸ்’ என்னும் மென்பொருள் வேறு வழியைக் கைக்கொள்கின்றது. ஆட்டத்தில் அது கைவைப்பதில்லை. புதிய கணினிக்குள் பழைய கணினியொன்றாக நடித்து, ஆட்டத்தை நம்பச் செய்கின்றது. 2021இல் வந்த வின்டோஸ் 11 பழைய டொஸ் நிரல்களைத் தானாக இயக்காது. எனவே இத்தகைய நடிப்பு இன்றியமையாததாயிற்று. அதில் கொன்ட்ரோல் விசையோடு எப் 11ஐ அழுத்தினால் விரைவு குறையும். எப் 12ஐ அழுத்தினால் கூடும். டேர்போ பொத்தான் மறுபிறப்பெடுத்தது போலும்! அன்று மாலை யாம் விரைவைக் குறைத்துக் குறைத்து 300 சுற்றளவுக்குக் கொண்டுவந்தபோது, பொற்கிழி முன்போலவே ஆடி நின்று விழுந்தது. தோழர் ஒன்றும் பேசவில்லை. மகன் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டான்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு எம் விண்ணப்பம் ஒன்று. விழாவையொட்டிப் புதிய கணினிகளை வாங்கித் தருவோர்க்கு நன்றி. பழையவற்றையெல்லாம் நிறைபோட்டு விற்றுவிடாது, ஓடக்கூடிய நிலையிலுள்ள ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு வீட்டு அலுமாரியில் கிடக்கும் பிளொப்பித் தட்டுகளும் வரட்டும். கடற்காற்றும் பூஞ்சணமும் அவற்றை விட்டுவைக்கா. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் நம் பழைய மலர்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காத்து வருவது போற்றற்குரியது. ஆனால் ஆட்டத்தைப் படமெடுத்துக் காக்க இயலாது. ஓடவிட்டே காக்க வேண்டும். ஆதலின் ஒரு கொப்பி வைத்து, எந்த ஆட்டம் எந்தப் பொறியில் எந்த விரைவில் ஆடப்பட்டது என்பதை ஆடியவர் உயிரோடிருக்கையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பழைய பொறியின் மின்கலம் கசிந்து உள்ளே அரிப்பதற்கு முன், அதன் ஓட்டத்தைப் பார்த்து டொஸ்பொக்ஸின் அளவைச் சரிசெய்துகொள்ளவும் வேண்டும். பழைய பொறி சான்றுக்கு. நடிக்கும் பொறி பாவனைக்கு.

ரொறன்ரோவிலிருந்து தோழர் கடந்த வாரம் எழுதியிருந்தார். மகன் 280இல் ஆடுகின்றானாம். அதுவே சரியான வேகம் என்று சாதிக்கின்றானாம். தந்தையோ, கொட்டாஞ்சேனையில் ஆட்டம் இதனினும் சற்று விரைவு, 310 இருக்கும் என்கின்றார். எம் கருத்தைக் கேட்டிருக்கின்றார். எமக்கும் நிச்சயமில்லை. அந்தப் பழைய பெட்டி இருந்தால் ஒரு நிமிடத்தில் வழக்குத் தீர்ந்துவிடும். அவர்கள் வீடு மாறியபோது அது பழைய இரும்புக்காரரிடம் போயிற்று.