2048-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்



தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஒரு காலத்தில் பயணிகள் நாளிதழை நான்காக மடித்துப் படித்துக்கொண்டு சென்றார்கள். இன்று எல்லாருடைய கையிலும் கைப்பேசி இருக்கிறது. அவர்களில் சிலருடைய கட்டைவிரல் மேலும் கீழும், இடமும் வலமுமாக மட்டுமே அசைந்துகொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். திரையில் பதினாறு கட்டங்களும் அவற்றில் சில எண்களும் தெரியும். அந்த விளையாட்டின் பெயர் 2048. நம் வாலிபர் சிலரும், வாலிபப் பருவத்தைக் கடந்த சிலரும் அதை ஆடுகிறார்கள். பிள்ளைகள் இதை ஆடலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ‘ஆகாது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒன்றை விலக்கச் சொல்வதற்கு முன் அது இன்னதென்று அறிந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்குக்கு நான்கு கட்டங்கள். தொடக்கத்தில் இரண்டு காய்கள் மட்டும் இருக்கும். விரலால் ஒரு திசையில் தள்ளினால் எல்லாக் காய்களும் அந்த ஓரத்துக்குச் சறுக்கிச் செல்லும். ஒரே எண்ணுள்ள இரண்டு காய்கள் மோதினால் ஒன்றாகிவிடும். இரண்டும் இரண்டும் நான்காகும், நான்கும் நான்கும் எட்டாகும். ஒவ்வொரு தள்ளலுக்குப் பின்னும் காலியான ஓர் இடத்தில் புதிய காய் ஒன்று தோன்றும். பத்தில் ஒன்பது முறை அது 2 ஆகவும், ஒரு முறை 4 ஆகவும் இருக்கும். 2048 என்ற காய் உருவானால் வெற்றி. கட்டங்கள் நிரம்பி, தள்ள வழியில்லாமற்போனால் தோல்வி. இவ்வளவுதான் விதிகள்.

இதிலுள்ள நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. இங்கே கடிகாரம் இல்லை, அவசரப்படுத்துவோர் எவருமில்லை. குரோம்பேட்டையில் உட்கார இடம் கிடைத்தவர் ஆடத் தொடங்கி, கிண்டியில் இறங்கும்போது பாதியில் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். மாலையில் அதே இடத்தில் ஆட்டம் காத்திருக்கும். துப்பாக்கி இல்லை, இரத்தம் இல்லை, பந்தயப் பணமும் இல்லை. இவற்றைவிட நான் மதிப்பது வேறொன்று. இந்த ஆட்டத்தில் இடமே செல்வம். கண்ணில் பட்ட இரண்டு காய்களை உடனே சேர்த்துவிடத் துடிக்கிறவர் சீக்கிரம் தோற்பார். எதை இப்போது சேர்ப்பது, எதைப் பொறுத்து வைப்பது என்று கணக்கிடுகிறவரே பெரிய எண்ணை எட்டுவார். பள்ளிப் பிள்ளைக்கு இரண்டின் அடுக்குகள் மனப்பாடமாகிவிடுவது மேலதிக இலாபம்.

குறைந்த விதிகளில் நிறைந்த யோசனை என்பது நமக்குப் புதிதன்று. பதினான்கு குழிகளும் ஒரு கை புளியங்கொட்டையும் இருந்தால் பல்லாங்குழி ஆடலாம். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையில் கிழித்த கோடுகளே போதும். ஆனால் அவற்றுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். 2048-க்கு எதிராளி தேவையில்லை. அதன் முதல் குறை அதுதான்.

இரண்டாவது குறை, உபாயம் தெரிந்த பின்பு வெளிப்படுவது. பெரிய காயை ஒரு மூலையில் நிறுத்தி, மற்றவற்றை அதன் அருகே இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்டவருக்குப் பெரும்பாலான நேரம் விரல்தான் ஆடுகிறது. மனம் வேறெங்கோ போய்விடுகிறது. விளையாட்டு வெளியான சில வாரங்களுக்குள்ளேயே, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் 2048-ஐ எட்டிவிடும் கணினி நிரல்களைச் சிலர் எழுதிவிட்டார்கள். மனிதருக்கு எஞ்சியிருப்பது, புதிய காய் எங்கே முளைக்கும் என்ற தற்செயல். தோற்றவர் அந்தத் தற்செயலைக் குறைசொல்லி மறுபடியும் தொடங்குகிறார்.

இவ்விரண்டும் சிறிய குறைகள். பெரிய குறை வெற்றிக்குப் பின் வருகிறது. இங்கே சற்றுக் கணக்குப் பார்ப்போம். காய்கள் ஒன்றுசேர்வதால் பலகையிலுள்ள மொத்தத் தொகை மாறுவதில்லை. புதிய காய் வரும்போது மட்டுமே அது கூடுகிறது. ஒரு தள்ளலுக்குச் சராசரியாக 2.2 கூடும். ஆகவே 2048-ஐ எட்ட ஏறத்தாழ 930 தள்ளல்கள் வேண்டும். 1024-ஐச் செய்து முடித்தவர் கரை தெரிகிறது என்று மகிழ்வார்; உண்மையில் அவர் பாதி வழியில்தான் நிற்கிறார். விநாடிக்கு ஒரு தள்ளல் என்று வைத்துக்கொண்டால் 2048-க்கு ஏறத்தாழப் பதினைந்தரை நிமிடங்கள் ஆகும். தாம்பரத்தில் ஏறியவர் பரங்கிமலையை நெருங்கும் நேரம் அது. நியாயமான பொழுதுபோக்குதான்.

அப்போது திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றுகின்றன. ஒன்று, தொடர்ந்து ஆடுவதற்கு. மற்றொன்று, புதிதாகத் தொடங்குவதற்கு. போதும் என்று சொல்ல மூன்றாவது பொத்தான் இல்லை. தொடர்ந்தால் அடுத்த காய் 4096. அதற்கு அரைமணி நேரம். ரயில் மாம்பலத்தை எட்டியிருக்கும். 8192-க்கு ஒரு மணிக்கும் மேல்; கடற்கரையில் எல்லாரும் இறங்கிய பின்பும் ஆட்டம் முடியாது. அதற்கடுத்த காய்க்கு இரண்டு மணி நேரம். இப்பலகையில் செய்யக்கூடிய மிகப் பெரிய காய் 131072. ஒரு பிழையும் செய்யாமல் ஆடினாலும் அதற்குப் பதினாறரை மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படியிலும் விலை இரட்டிப்பாகிறது; கிடைக்கும் மகிழ்ச்சியோ அதே அளவில் நிற்கிறது, சொல்லப்போனால் குறைகிறது. 2048 வரை நேர்மையாக நடந்த விளையாட்டு, அதன்பின் நம் நேரத்தை எண்ணாமல் வாங்கத் தொடங்குகிறது.

இன்னொரு காரியத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. இதை 2014 மார்ச்சில் வெளியிட்டவர் இத்தாலியைச் சேர்ந்த காப்ரியேலே சிருல்லி. அப்போது அவருக்கு வயது 19. ஒரு வார இறுதியில் எழுதி முடித்தார். நிரலை யாவரும் எடுத்தாளும்படி இலவசமாகத் திறந்துவைத்தார். ஆனால் இந்தக் கருத்து அவரிடத்தில் பிறந்ததன்று. அதற்கு ஒரு மாதம் முன்னர், பிப்ரவரியில், ஏஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் என்ற இருவர் ‘திரீஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டிருந்தார்கள். அதற்காக அவர்கள் உழைத்தது ஏறக்குறைய 14 மாதங்கள். அதைப் பின்பற்றி ‘1024’ வந்தது. அதைப் பின்பற்றியே 2048 வந்தது. சிருல்லி தம் பக்கத்திலேயே இவ்விரண்டின் பெயரையும் குறிப்பிட்டார். அது பாராட்டத்தக்கது. இருந்தாலும், விலை கொடுத்து வாங்க வேண்டிய மூலத்தை இலவச நகல் மறைத்துவிட்டது. மூலத்தையே நகல் என்று சிலர் இகழ்ந்தார்கள். மனம் நொந்த அவ்விருவரும், தாங்கள் அதை உருவாக்கிய நாள்களில் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களை, 45,000 சொற்களுக்கு மேல், யாவரும் காணும்படி வெளியிட்டார்கள். தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கும் நம் சபையாருக்கு அந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டாகப் பார்த்தாலும் திரீஸே மேலானது என்பது என் கருத்து. அதில் ஒரு தள்ளலுக்குக் காய்கள் ஒரு கட்டம் மட்டுமே நகரும். ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்றாகும். அதன்பின்னர்தான் சமமானவை சேரும். அடுத்து வரவிருக்கும் காயை முன்கூட்டியே காட்டுவதால், தற்செயல்மேல் பழிபோட இடம் குறைவு. மூலை உபாயம் மட்டும் அங்கே செல்லுபடியாகாது. தொடக்கத்தில் அது குழப்பும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நிமிடத்திலேயே புரிந்துவிடுவதுதான் 2048 பரவியதற்குக் காரணம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கைப்பேசியில் உள்ளது எந்த நகல் என்று பாருங்கள். இதே பெயரில் வந்தவை ஏராளம். அவற்றில் பல, ஆட்டத்துக்கு ஆட்டம் விளம்பரத்தை நுழைப்பவை. பிறகு, பிடுங்கிக்கொள்வதற்கு முன்னால் ஒரு மாலை நீங்களே ஆடிப் பாருங்கள். 1024 வரை வந்து, ஒரு தவறான தள்ளலால் எல்லாம் அடைபட்டுப்போவதை அனுபவித்த தகப்பன் ‘2048 வந்ததும் மூடிவிடு’ என்று சொன்னால், பிள்ளை அதைச் சற்று நின்று கேட்கும்.