நாற்பதில் வந்தவர் கொண்டு வந்தது

சாய்ந்தமருதில் 32 வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். என்னிடம் மாலை வகுப்புக்கு வந்த பாண்டிருப்புப் பையன் ஒருவர் பிறகு வங்கியில் சேர்ந்தார். 16 வருடம் வேலை பார்த்து, கடன் பிரிவில் அதிகாரியாகவும் ஆனார். 39ஆவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, போதகருக்குப் படிக்கப் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்குப் போனார். “இவருக்கு என்ன குறை?” என்று ஊர் கேட்டது. அவருடைய தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். “சேர், நீங்க சொன்னாக் கேப்பான்.” நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரிதானா என்ற சந்தேகம் பல வருடம் என்னை விட்டுப் போகவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, போதகராகிவிட்ட அவரைப் பார்க்கப் போனேன். தேவாலயத்துக்குப் பக்கத்து அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் அவருடைய சபையைச் சேர்ந்தவர். மற்றவர் முக்காடு போட்ட எங்கள் ஊர்ப் பெண். இருவர் கையிலும் நுண்கடன் புத்தகம். எங்கள் ஊர்ப் பெண் எடுத்தது 50,000 ரூபா. வாரம் 1,250 வீதம் 52 வாரம் கட்ட வேண்டும். “வருசத்துக்கு 30 வீதம்தான் எண்டு சொன்னாங்க ஐயா” என்றார்.

போதகர் பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கோடு கிழித்தார். “தங்கச்சி, முதல் வாரம் உங்கட கையில 50,000 இருந்திச்சு. கிழமைக்குக் கிழமை நீங்க கட்டக் கட்ட அது குறையுது. ஆனா வட்டிய கடைசி வரைக்கும் 50,000க்கே போட்டிருக்காங்க.” நானும் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். குறைந்துகொண்டு போகும் கடனுக்குப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 50 வீதத்தையும் தாண்டுகிறது. தவணையை மாற்றித் தரும்படி நிறுவனத்துக்கு எப்படிக் கேட்பது என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் சபைப் பெண்ணுக்காக ஜெபம் செய்தார். எங்கள் ஊர்ப் பெண் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

வட்டி ஹறாம் என்று ஜும்ஆப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பெண்ணின் கடன் புத்தகத்தைப் பிரித்து, அது அவரை எப்படித் தின்கிறது என்று காட்ட எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கவில்லை. அதைக் காட்டியவர் 16 வருடம் வங்கியில் இருந்துவிட்டுப் பிரசங்க மேடைக்கு வந்த ஒருவர். நடு வயதில் இறைபணிக்கு வருகிறவரைப் பார்த்து, எதை விட்டுவிட்டு வந்தார் என்றே கேட்கிறோம். எதைக் கொண்டு வந்தார் என்று கேட்கப் பழக வேண்டும்.

இது எங்கள் கரைக்குப் புதிய கதை அல்ல. அம்பாறைக்குத் திரும்பும் சந்தி உள்ள காரைதீவில், 1892இல் மயில்வாகனன் என்ற பிள்ளை பிறந்தார். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அந்தப் பதவியை விட்டுவிட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30. 1924இல் துறவு பெற்று சுவாமி விபுலானந்தர் ஆனார்.

காவி உடுத்தபோது அவர் விஞ்ஞானத்தைக் கழற்றி வைக்கவில்லை. இலங்கைக்குத் திரும்பி இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1947இல் அரங்கேறிய ‘யாழ் நூல்’ பழந்தமிழ் இசையை ஆராய்கிறது. சுரங்களின் அளவுகளைக் கணக்கிட்டு, மறைந்துபோன யாழ்களின் அமைப்பை மீட்டெடுக்கும் அந்தப் பகுதிகளைக் கணித ஆசிரியனான நான் இன்றும் வியந்து படிக்கிறேன். வகுப்பறையில் விஞ்ஞானம் படிப்பித்த துறவி எழுதிய புத்தகம் அது. அந்த ஆண்டு ஜூலை 19இல் அவர் மறைந்தார். அவருடைய உடல் அடங்கியிருப்பது அவர் கட்டிய பாடசாலை வளவில்.

எங்கள் சமூகத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ். யுத்த காலத்தில், 1942இல், நெல் விளைச்சலைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் திறந்த அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். 1948இல் அந்தப் பெரிய உத்தியோகத்தைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அங்கே இருந்தார். அவர் போனது பள்ளிவாசல் மிம்பருக்கு அல்ல, பாடசாலைக்கு. ஆனால் நிர்வாகம் தெரிந்த ஒருவர் தன் சமூகத்துக்காக உத்தியோகத்தை விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஸாஹிராவின் அந்த 13 வருடம் சாட்சி.

சிறு வயதிலேயே மத்ரஸாவுக்குப் போய் ஓதி முடித்த ஆலிம்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பத்து வயதில் மனனம் செய்த குர்ஆன் தங்குவது போல நாற்பதில் தங்காது. மொழியும் சட்டமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. நடு வயதில் வருகிறவர்களிலும் வேலையில் தோற்று ஒதுங்கிக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. அதை விசாரித்து அறிவது அந்தந்தச் சபையின் கடமை. ஆனால் தாதி, சட்டத்தரணி, மீன் சந்தைக் கணக்கர் என்று உலகத்தைத் தொட்டுப் பார்த்த ஒருவர் நல்ல மனதோடு வந்தால், அவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். கிறிஸ்தவ சபைகளில் அந்தக் கதவு ஓரளவு திறந்திருக்கிறது. எங்கள் ஊர்களில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஓத வந்தால் எந்த வகுப்பில் உட்கார்வார்?

பள்ளிவாசல் நிருவாகிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு உள்ள காரியம் அல்ல. இஷாத் தொழுகைக்குப் பிறகு வாரத்தில் இரண்டு இரவு, உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கென்று ஒரு வகுப்பு வையுங்கள். படித்து முடித்தவர்களில் ஒருவரைப் பள்ளிவாசலில் ஒரு மேசை போட்டு உட்கார வையுங்கள். கடன் புத்தகத்தோடு வரும் பெண் வேறு வாசலைத் தேடிப் போக வேண்டியிருக்காது. உங்கள் மகனோ மருமகனோ இந்தப் பாதையில் போகிறேன் என்று சொன்னால், அழுவதற்கு முன் அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.

பாண்டிருப்புத் தாய் இப்போது அழுவதில்லை. சனிக்கிழமைகளில் அந்த அறைக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பவர் அவர்தான்.