வெயில் யாருக்குப் பழகியது?

"நமக்கெல்லாம் வெயில் பழகினதுதான்" என்ற பேச்சு சித்திரை பிறந்தால் டீக்கடையில் தொடங்கிவிடும். மேஸ்திரி சொல்கிறார், அதிகாரி சொல்கிறார், வெயிலில் மண் சுமக்கிறவரே கூடச் சொல்கிறார். இது பொய். ஆளைக் கொல்கிற பொய்.

2024 அக்டோபர் 6 அன்று விமானப்படை சாகசம் பார்க்க மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. வெப்பம் 40 டிகிரியைத் தொடவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். குளிர்தேசத்திலிருந்து வந்தவர் ஒருவருமில்லை.

உடம்பு கொஞ்சம் பழகும், உண்மைதான். ஒன்றிரண்டு வாரம் வெயிலில் உழைத்தால் வியர்வை சீக்கிரம் சுரக்கும். அதில் வெளியேறும் உப்பும் குறையும். சில வாரம் நிழலில் இருந்தால் அந்தப் பழக்கமும் போய்விடும். அப்பன் பாட்டன் வெயிலில் உழைத்தார்கள் என்பதற்காகப் பேரனுக்கு அது வந்து சேராது. சுரந்த வியர்வையும் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கிறது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும்போது உடம்பில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, சூடு மட்டும் இறங்குவதில்லை. "34 டிகிரிதானே" என்று அலட்சியமாக இருக்க முடியாதது இதனால்தான்.

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். தலைக்கு மேலே வெயில். கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம். ஒதுங்கி நிற்க மரம் கிடையாது, அந்த மண்ணில் மரம் எங்கே முளைக்கும்? பாத்தியில் நின்று உப்பு வாரும் பெண்கள் தொண்டை வறண்டாலும் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறார்கள். குடித்தால் எங்கே ஒதுங்குவது? பக்கத்தில் கழிப்பறை இருப்பதில்லை. சிறுநீரை அடக்கிக்கொண்டு, நீர்க்கடுப்போடு மறுநாளும் வருகிறார்கள். வாய் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் இவர்கள் பொறுத்துக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பழக்கம்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் சுமார் 800 கர்ப்பிணிகளைக் கவனித்துவந்தார்கள். உப்பளம், செங்கல் சூளை, வயல் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பழகின உடம்பு என்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கதி?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு என்றது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் சென்ட்ரிங் வேலையில் மயங்கி விழுந்து செத்தவனுக்கு மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் யாருக்குப் போகும்? செத்த பிறகு கொடுப்பதைப் பற்றி யோசித்த அளவுக்கு, சாகாமல் காப்பதைப் பற்றி யோசித்தோமா?

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அங்கே போய் உழைத்துத் திரும்பிய நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். இங்கே மதிய வெயிலில் வெளியே வராதீர்கள் என்று அறிவுரை சொல்வதோடு சரி. கூலிக்காரர் எப்படி வராமல் இருப்பார்? இங்கேயும் அந்த இரண்டரை மணி நேரம் வேலையை நிறுத்தச் சட்டம் வேண்டும், அதற்காகக் கூலியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஒருவரும் நிழலுக்கு வர மாட்டார்கள்.