கணிப்பொறி வைத்தியம்

உபகாரம் செய்தல் மக்கட்குரிய நற்குணங்களுள் தலையாயது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் உபகாரங்கள் யாவும் ஒரு தன்மையின அல்ல. வழி தெரியாதவனுக்கு வழி காட்டினால் அவன் நன்றி கூறிச் செல்வான். அத்தோடு காரியம் முடிந்தது. தெரிந்தவர் வீட்டுக் கணிப்பொறியைச் செப்பனிடும் உபகாரமோ முடிவில்லாதது. ஒருமுறை அதிற் கைவைத்தவன், அப்பொறி உள்ளளவும் அதற்கு வைத்தியனாகவும், அதற்கு நேரும் கேடுகளுக்கெல்லாம் உத்தரவாதியாகவும் கருதப்படுகிறான். நம் கல்லூரி மாணவர் பலர் விடுமுறைதோறும் இவ்வனுபவத்தைப் பெறுகின்றனராதலின், இதுபற்றி யாம் கருதுவன சிலவற்றை ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

இவ்வைத்தியத்தில் முதற்கண் உள்ள இடர் யாதெனில், நோயாளி வாய் பேசாது. பேசுபவர் நோயாளியின் உறவினரே. அவர் கூறும் குறிகளோ பெரும்பாலும் நோயைக் காட்டுவன அல்ல. "நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே ஆகிவிட்டது" என்பது எல்லா வீட்டாரும் ஒருமுகமாகக் கூறும் வாக்கியம். திரையில் தோன்றிய எச்சரிக்கை யாது கூறிற்று என வினவினால், "என்னவோ வந்தது, மூடிவிட்டேன்" என்பதே விடையாம்.

உதாரணமாக ஒன்று கூறுவோம். எமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றவர், 2019ஆம் ஆண்டில் ஒரு நாள் எம்மை அழைத்து, "தம்பி, இண்டர்நெட் செத்துப்போய்விட்டது, வந்து பார்" என்றார். சென்றோம். கம்பியை மாற்றினோம், மோடத்தை அணைத்து ஏற்றினோம், பிரௌசரை நீக்கி மீண்டும் பதித்தோம். இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன, பயன் யாதுமில்லை. மூன்றாம் நாள் தற்செயலாகத் திரையின் மூலையை நோக்க, ஆங்கே தேதி 2009 ஜனவரி 1 என்றிருந்தது. உண்மை அப்பொழுதே விளங்கிற்று. கணிப்பொறியின் மதர்போர்டில் காசு வடிவினதாய் 3 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் அற்ற வேளையிலும் கடிகாரம் ஓடுவது அதனாலேயாம். அது தீர்ந்துவிடின், பொறியை அணைக்குந்தோறும் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். பாதுகாப்புள்ள வலைத்தளம் ஒவ்வொன்றும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்னும் சான்றிதழைக் காட்டுவது. பிரௌசர் அதனைத் தன் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்து, 'இச்சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை' எனக் கதவை அடைத்துவிடுகிறது. சொற்ப விலைக்கு ஒரு பாட்டரி வாங்கி மாட்டினோம், நோய் நீங்கிற்று. மறுவாரமே பெரியவர், "நீ தொட்ட பிறகுதான் தம்பி, பிரிண்டர் ஓடவில்லை" என்றார். சென்று பார்த்தால், பல மாதம் உபயோகியாமையால் அதன் மை உலர்ந்து கிடந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுவன்றோ!

நிற்க. இவையெல்லாம் பொறுக்கற்பாலனவே, சொல்லி நகைக்கவும் ஏற்றனவே. நகைத்தற்கியலாத மற்றொன்றும் உண்டு. அதில் பிழை எம்முடையது.

விண்டோஸ் 7 என்னும் அமைப்புக்குக் கம்பெனியார் அளித்து வந்த பாதுகாப்பு 2020 ஜனவரி 14இல் முடிவுற்றது. அத்தகைய பாதுகாப்பின் அருமையை உலகம் 2017 மே மாதத்திற் கண்டது. வான்னாகிரை என்னும் நச்சுநிரல் அப்பொழுது பல தேசங்களிலும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதனைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தும், அதனை ஏற்றாதார் பலர் அல்லலுற்றனர். ஆதலின் யாமே அப்பெரியவரை வற்புறுத்தி, பழைய அமைப்பை அழித்துப் புதியதைப் பதிக்க உடன்படச் செய்தோம். தொடங்குமுன், "ஐயா, இதில் வேண்டுவன ஏதேனும் உண்டா?" என்று கேட்டோம். "எல்லாம் திரையிலேயே இருக்கிறது தம்பி, வேறெங்கும் ஒன்றுமில்லை" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் 'ஒன்றுமில்லை' என்னும் கடைச்சொல்லே எம் செவியில் விழுந்தது. சி டிரைவை அழித்தோம். திரையின் முகப்பில் வைத்தவை சி டிரைவிலேயே தங்குவன என்பதை அறியாதோம் அல்லேம், கேளாதோமாயினோம்.

அன்றிரவே போன் வந்தது. காலஞ்சென்ற தம் மனைவியார் சொல்லச் சொல்ல அவர் தட்டெழுதி வைத்திருந்த குடும்ப வரலாறு முகப்பிலே இருந்ததாம். மறுநாள் ஓடினோம். அழிந்தவற்றை மீட்கும் கருவிகளால் முயன்றோம். புதிய அமைப்பு பழையவற்றின்மேல் எழுதிவிட்டமையால், தொடர்பற்ற சில துண்டுகளே கிடைத்தன. பெரியவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறினாரல்லர். மருமகளார் கொணர்ந்த காபியை எம்முன் நகர்த்தி, "குடி தம்பி, ஆறிவிடப்போகிறது" என்றார். அக்காபியை யாம் இன்றும் மறந்திலோம்.

வீட்டார் நோயைச் சரியாகக் கூறுவதில்லை என்று குறைபட்டோமே. அவர் சரியாகக் கூறிய அன்று யாம் அதனைக் கேட்டோமா? எண்ணிப் பார்க்குங்கால், 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்னும் பொய்க்கும் ஒருவகையில் நாமே காரணர் என்பது புலனாகிறது. அறுபது வயதிற்குமேல் இப்பொறியைப் பழகியவர், தம் பிழையைச் சொன்னால் இளைஞர் நகைப்பர் என அஞ்சுகின்றார். நாம் விடும் பெருமூச்சும், கேளாமலே விசைப்பலகையைப் பறித்துக்கொள்ளும் வேகமும் அவ்வச்சத்தை வளர்க்கின்றன. நம் விரல்களின் விரைவைக் கண்டு அவர் வியக்கின்றார், கற்கின்றாரல்லர். கற்பியாததனால் மீண்டும் அழைக்கப்படுகின்றோம்; அழைக்கப்படுவதனால் மீண்டும் சினக்கின்றோம்.

'இத்தொல்லை எதற்கு, கடைக்கு அனுப்பிவிடலாமே' என்பாரும் உளர். கடைக்காரர் பொறியை மட்டுமே அறிவார். வங்கிக் கணக்கும், குடும்பப் படங்களும், இறந்தோரின் குரலும் அடங்கிய பெட்டியைத் தெரிந்த பிள்ளையிடம் ஒப்படைப்பது நம்பிக்கையினாலேயாம். அந்நம்பிக்கைக்கு அஞ்சி நடத்தல் வேண்டுமேயன்றி, அதனை உதறிவிடல் தகாது.

ஆதலின் யாம் இப்பொழுது கைக்கொண்டுள்ள நியமங்கள் மூன்று. முதலாவது, எந்நோயாயினும் மருந்துக்கு முன்னர் நகல் எடுத்தல். உடையவர் 'ஒன்றுமில்லை' எனினும் முழுவதையும் எடுத்தல். இரண்டாவது, உடையவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் கையாலேயே செய்வித்தல். காலம் இருமடங்காயினும் அதுவே இலாபம். மூன்றாவது, செய்ததனைத் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்தல். பாஸ்வேர்டை மட்டும் நாம் அறிய விரும்பாதிருத்தல். உடையவர்க்கும் ஒரு கடமை உண்டு: மீண்டும் பெறலாகாத ஒன்றை ஓரிடத்தில் மட்டும் வையாதிருத்தல்.

விண்டோஸ் 10க்குரிய பொதுப் பாதுகாப்பும் 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. அடுத்ததான விண்டோஸ் 11 பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. எனவே, ஊருக்குச் செல்லும் மாணவ நண்பர்களுக்கு இவ்விடுமுறையிலும் அழைப்பு வருதல் திண்ணம். செல்லுங்கள், மறுக்க வேண்டா. ஆயின் பெட்டியைத் திறக்குமுன் உடையவர் கூறுவதைக் கடைச்சொல் வரையன்று, முதற்சொல்லிலிருந்தே கேளுங்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.