வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போடுங்கள்!

சென்னையில் இருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோ மீட்டர். கடல் தாண்டிய ஊர்! ஆனாலும் ஆகாய விமானம் 4 மணி நேரத்தில் கொண்டு போய் இறக்கி விடுகிறது.

கள்ளக்குறிச்சியில் இருந்து சென்னை விமான நிலையம் அதில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை. காரில் போனாலும் ஏறக்குறைய அதே 4 மணி நேரம்! பஸ்சில் போனால் இன்னும் கூடும்.

டிக்கெட்டில் போடுவது விமானம் பறக்கும் நேரம் மட்டும்தான். பயணம் வீட்டு வாசலில் அல்லவா தொடங்குகிறது?

கல்வராயன் மலைக்காரரைக் கேட்டால் தெரியும். அவர் முதலில் மலை இறங்க வேண்டும். வெள்ளிமலைக்கு ரோடு உண்டு, பஸ்சும் உண்டு. உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூர்களில்? நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்ததாகப் பத்திரிகைகளில் எத்தனை முறை செய்தி வந்திருக்கிறது!

ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலை 1976-ல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2024-ல் சென்னை ஐகோர்ட்டு தானே முன்வந்து மலைமக்களின் குறைகளை விசாரித்தது. ரோடு வசதியும் அதில் ஒன்று.

சேலத்தில் விமான நிலையம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் மலையில் இருந்து அங்கே போய்ச் சேருவது எப்படி? முதலில் அந்தச் சிற்றூர்களுக்கு ரோடு போட வேண்டும். விடியற்காலையில் ஒரு பஸ் விட வேண்டும். விமானப் பேச்சு பிறகு இருக்கட்டும்.