பூட்டுக்குத் தனி வாடகையா?

வீட்டை வாடகைக்கு விட்டவர், கதவுக்குப் பூட்டு வேண்டுமானால் ஐந்து மடங்கு வாடகை கொடு என்றால் சும்மா இருப்போமா? தாங்கள் எழுதிய கோடை, வெளியார் பார்க்க முடியாத இணையக் கிடங்கான ‘பிரைவேட் ரிப்போ’வில் வைத்திருக்கும் சிறு மென்பொருள் நிறுவனங்களின் நிலை இதுதான்.

அப்படிக் கிடங்கு தரும் தளமான கிட்ஹப்பின் ‘டீம்’ திட்டத்துக்குத் தலைக்கு மாதம் 4 டாலர். பத்துப் பேருக்கு 40. ‘சிங்கிள் சைன்-ஆன்’ வேண்டுமென்றால் ‘என்டர்பிரைஸ்’ திட்டத்துக்குப் போக வேண்டும். தலைக்கு 21 டாலர், ஆக 210. வேலையை விட்டுப் போனவரின் நுழைவை ஒரே இடத்தில் அடைக்க உதவும் வசதி அது. பத்துப் பேர் உள்ள அலுவலகத்திலும் ஆள் வருவதும் போவதும் உண்டே!

2020 முதல் கிட்ஹப்பின் இலவசத் திட்டத்திலேயே பிரைவேட் ரிப்போவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து வேலை செய்யலாம். நல்லதுதான். ஆனால், யாரும் சரிபார்க்காத கோடு மெயின் பிராஞ்சில் புகுந்துவிடாமல் தடுக்கும் ‘பிராஞ்ச் புரொடெக்‌ஷன்’ அங்கே கிடையாது. அதே வசதி, எல்லோரும் பார்க்கக்கூடிய பப்ளிக் ரிப்போவுக்கு இலவசம். கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று இனி எப்படிச் சொல்வது?

இதே வேலையைச் செய்யும் இன்னொரு தளமான கிட்லேப் 2021-இல் தன் 4 டாலர் திட்டத்தை விற்பதை நிறுத்தியது. அடுத்த படி 19 டாலர். 2023-இல் அது 29 ஆனது. இலவசத்திலேயே இருக்கலாமென்றால், பிரைவேட் குழுவுக்கு ஐந்து பேர்தான் உச்சவரம்பு. ஆறாவது ஆள் வந்தால் ஆறு பேருக்கும் கட்டணம்.

பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாமே என்பார்கள். கோடும் அதன் வரலாறும் சுலபமாக வந்துவிடும். பிழைப் புகார்கள், ரிவ்யூ விவாதங்கள், தானாக டெஸ்ட் ஓட்டும் ஏற்பாடுகள் அப்படி வராது. அவற்றைப் பெயர்த்து நடுவதற்குள் கையிலுள்ள வேலை கெடும். அந்தத் தைரியத்தில்தான் விலை ஏற்றுகிறார்கள்.

சிங்கிள் சைன்-ஆனைக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவே 2023-இல் வழிகாட்டியிருக்கிறது. அதையும் பிராஞ்ச் புரொடெக்‌ஷனையும் எல்லாத் திட்டங்களிலும் சேர்க்க வேண்டும். விலையை மாற்றுவதென்றால் ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும். கோடு எழுதாமல் பார்வையிட மட்டும் வருபவருக்குத் தலைக்கட்டணம் கூடாது.

நம் அரசுக்கும் வேலை இருக்கிறது. அரசுத் துறைகளின் மென்பொருளுக்காக மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ‘ஓபன்ஃபோர்ஜ்’ தளத்தை நடத்துகிறது. இத்தகைய தளத்தை அமைக்க உதவும் ஃபோர்ஜெயோ போன்ற திறமூல மென்பொருள்களும் கைவசம் இருக்கின்றன. சிறு நிறுவனங்களும் கல்லூரிகளும் ரூபாயில் நியாயமான கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் பொதுத்தளம் ஒன்றை அமைச்சகம் தொடங்க வேண்டும்.